பதினேழு கொடிகள்

கம்பெனியில் அவளுக்குப் பச்சைப் பேனா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லாமலா இருக்கும்? இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. மெக்கானிக் நீல மையில் எழுத வேண்டும், மேனேஜர் சிவப்பில், தணிக்கைப் பிரிவு பச்சையில் என்பது அங்கே விதி. பதினாலு வருடமாகப் பச்சையில் எழுதி எழுதி அவளுடைய நடுவிரல் ஓரத்தில் ஒரு கறை ஏறிவிட்டது. எந்தச் சோப்புக்கும் அது மசியவில்லை. புதிதாகப் பார்ப்பவர்கள், வீட்டில் இன்றைக்குக் கீரையா என்று கேட்பார்கள்.

லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிற கம்பெனி அது. ஊர் முழுக்க அறுநூற்று நாற்பது லிஃப்ட். மாதம் ஒருமுறை மெக்கானிக் ஒவ்வொன்றையும் பார்த்து, இருபது கேள்வி கொண்ட ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, கயிறு பிரிந்திருக்கிறதா, கதவுப் பூட்டு விழுகிறதா என்று போகும் அந்தப் பட்டியல். அந்த அறுநூற்று நாற்பதில் இருபதைக் குலுக்கல் முறையில் எடுத்து, நேரில் போய், படிவம் சொல்வதும் இயந்திரம் சொல்வதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவள் வேலை. ஒன்றாக இருந்தால் கீழே பச்சைக் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: நான் போனேன், என் கண்ணால் பார்த்தேன்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவதைக் கேட்டு இவள் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மொட்டை மாடி இயந்திர அறைக்குள் குனிந்து போய், ஒரு பஞ்சுத் துணியைக் கயிற்றின் மேல் தேய்த்துப் பார்ப்பாள். துணியில் ஒரு நூல் சிக்கினாலும் போதும், கம்பி ஒன்று அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே அந்த லிஃப்ட் நிற்கும். "அந்தம்மா வருதுன்னா நேத்தே போய் ஒழுங்கா பாத்துடுங்கடா" என்று மெக்கானிக்குகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தச் சான்றிதழ் வந்து குறுக்கே விழுந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், தணிக்கைப் பிரிவில் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்ற ஒரு தணிக்கையாளராவது இருந்தால்தான் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார். பிரிவில் இருந்ததே இரண்டு பேர், மேனேஜரும் அவளும்.

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம். இனிமே என் மூளையில ஒண்ணும் ஏறாதும்மா. நீதான் எழுதணும்," என்றார் மேனேஜர். "நீ பாஸ் பண்ணலைன்னா வெளியிலேர்ந்து ஒருத்தரைக் கொண்டு வருவாங்க. அப்புறம் உனக்கு இங்க நாற்காலி இருக்காது. நான் மறைச்சுப் பேசலை."

அந்தத் தேர்வை ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை நாலு மதிப்பெண்ணில் போயிற்று. இரண்டாம் முறை ஒன்பது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அவள் விஷயத்தில் அளந்து பார்த்த மாதிரி பலித்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

ஏன் தோற்றாள் என்பதை அவளுக்குச் சொன்னவர் வீடியோ வாத்தியார். காசு கட்டினால் ஃபோனில் வந்து பாடம் நடத்துகிற ஒரு மனிதர். நேரத்தை மிச்சம் பிடிக்க அவரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுவாள். ஆகையால் அவர் எப்போதும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் மாதிரிதான் பேசுவார். வீட்டில் நாலாவது ஆள் ஆகிவிட்டார் அவர். அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், நிதானமான ஆள். "அவருக்கும் சேத்து உலை வைக்கட்டுமா?" என்று கேட்பான்.

வாத்தியார் சொன்ன முதல் காரணம் அவளுடைய அனுபவம். "பாதுகாப்புக் குறை ஒண்ணு கண்ணுல பட்டா தணிக்கையாளர் முதல்ல என்ன செய்யணும்?" என்று கேள்வி வரும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு உடனே சரி செய்ய வைக்க வேண்டும் என்பதை இவள் தேர்ந்தெடுப்பாள், ஏனென்றால் பதினாலு வருடமாக அதைத்தான் செய்கிறாள். தேர்வுக்கு அது தப்பு. நிறுத்து, எழுது, மேலே தெரிவி என்பதுதான் விடை. "உங்க ஆபீஸைச் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு உள்ள வாங்க," என்றார் வாத்தியார்.

இரண்டாவது காரணம் அவள் சுபாவம். நூற்றிருபது கேள்வி, நூற்றைம்பது நிமிடம். ஒரு கேள்விக்கு எழுபத்தைந்து விநாடி. இவளோ புரியாத கேள்வி ஒன்று வந்தால் அதன் வாசலில் உட்கார்ந்துவிடுவாள். அதைத் தீர்க்காமல் அடுத்ததற்குப் போக மனசு வராது. கடைசியில் இருபது கேள்வி தொடாமலேயே கிடக்கும். அதற்கு வாத்தியார் கொடுத்த மருந்துதான் கொடி. தெரிந்ததை உடனே போடு. சந்தேகமானால், திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கொடி இருக்கும், அதை அழுத்திவிட்டுத் தாண்டிப் போ. எல்லாம் முடிந்த பிறகு கொடி போட்டவற்றுக்கு மட்டும் திரும்பி வா.

"நிக்காதீங்க. கொடி போடுங்க, போங்க. நின்னவன் தோத்தான்," என்பார் வாத்தியார், மூச்சு வாங்காமல்.

அவளுடைய பதின்மூன்று வயது மகள் இதைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் நேரம் பார்க்கிற சின்னக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அட்டைகளிலிருந்து கேள்வி கேட்பாள். எழுபத்தைந்து விநாடி ஆனதும் அது கிணுகிணுக்கும். பதில் வராவிட்டால், "கொடி!" என்று கத்துவாள். நாலு விடையில் இரண்டு எப்போதும் முட்டாள்தனமாக இருக்கும், முதலில் அவற்றைத் தூக்கிப் போட வேண்டும். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று அடித்துச் சொல்கிற விடையை நம்பக் கூடாது. முதலில் தோன்றியதைத் தக்க காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது. இதெல்லாம் தாய்க்கு முன்னால் மகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"அம்மா, குழம்புல உப்பு போட்டியா?"

"ஏ, போட்டேன். பி, போடலை. சி, ரெண்டு தடவை போட்டேன். டி, மேல சொன்ன எதுவும் இல்லை."

"சி தாம்மா. வாயில வைக்க முடியலை."

சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்போது சிரிப்புக்குக் குறைவில்லை. காலை நாலரைக்கு எழுந்து ஆறு வரை, பஸ்ஸில் நாற்பது நிமிடம், மதியம் கம்பெனியின் பின்பக்கப் படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் என்று படித்தாள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அவள் கணவன் தினமும் சொன்னான். நகரத்தான் செய்தது. ஆனால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் கொடி வேலையில் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. குலுக்கலில் வந்த லிஃப்ட் ஊரின் மறுகோடியில் இருந்தது. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அன்று மதியம் முழு மாதிரித் தேர்வு ஒன்று எழுத வேண்டியிருந்தது. அந்தக் கட்டிடத்துக் காவலாளிக்கு ஃபோன் போட்டாள்.

"லிஃப்ட் ஓடுதாங்க?"

"ஓடுது மேடம்."

"ஏதாவது குறை?"

"ஒண்ணும் இல்லை மேடம்."

மெக்கானிக் இருபதுக்கும் சரி போட்டிருந்தான். பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் படிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கட்டிடத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கொடி வரைந்தாள். தேர்வு முடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். ஏமாற்ற நினைக்கிறவள் பட்டியல் எழுதி வைப்பாளா? எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான். நல்லவர்கள் தப்புச் செய்யும்போது அதற்கு ஒரு பட்டியல் போட்டு ஒழுங்காகச் செய்கிறார்கள், ஒழுங்காக இருப்பதால் அது தப்பாகவே தெரிவதில்லை.

நாலு மாதத்தில் கொடி பதினேழு ஆயிற்று.

தேர்வு ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை நுழைவுச் சீட்டு வந்தது. தேர்வுக் கூடத்தின் முகவரியைப் படித்தவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பதினோராவது கொடி. அதே கட்டிடம். ஆறாவது மாடியில் தேர்வு. கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சும்மா விசாரிக்கலாமே என்று காவலாளிக்கு ஃபோன் போட்டாள்.

"லிஃப்ட் ஓடுது மேடம். மூணாவது மாடி வெளிக்கதவு மட்டும்தான் கொஞ்சம் தகராறு."

"என்ன தகராறு?"

"பெட்டி வராமலேயே தொறந்துக்குது. கைப்பிடியை லேசா இழுத்தாலே வந்துடுது. நான் உங்க கம்பெனிக்கு ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டேன்."

பழைய லிஃப்ட் அது. வெளிக்கதவைக் கையால் இழுத்துத்தான் திறக்க வேண்டும். பெட்டி அந்த மாடியில் வந்து நின்றால் மட்டுமே பூட்டு விடும். பெட்டி இல்லாதபோது கதவு திறந்தால் அந்தப் பக்கம் வெறும் குழி. லிஃப்ட் வேலையில் இருக்கிறவர்கள் கயிறு அறுவதற்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள், இதற்குப் பயப்படுவார்கள்.

"மூணாவது மாடில என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"கண் ஆஸ்பத்திரி மேடம்."

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. அவளுக்கே ஒருமுறை விட்டிருக்கிறார்கள். கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "படிவத்துல பூட்டு சரின்னு இருக்கே மேடம். நீங்களும் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" என்றான். அவன் அந்தக் கட்டிடத்துக்குப் போயிருந்தானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவனும் திருப்பிக் கேட்பான். "திங்கக்கிழமை காலையில முதல் வேலையா போறேன் மேடம்," என்றான்.

லிஃப்ட்டை அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். அதற்கு ஒரு நிறுத்த உத்தரவு எழுத வேண்டும். அந்த உத்தரவின் இரண்டாவது வரி, கடைசியாக நேரில் சரிபார்த்தவர் யார், தேதி என்ன என்று கேட்கும். மூன்று வாரத்துக்கு முன் தானே பார்த்துச் சரி என்று சொன்ன பூட்டு எப்படிக் கெட்டது என்று மேனேஜர் கேட்பார். பார்க்கவில்லை என்று சொன்னால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தத் தேர்வை எழுதவே தகுதி இல்லை. விண்ணப்பத்திலேயே உறுதிமொழி வாங்கியிருக்கிறார்கள். இரண்டரை வருடப் படிப்பும், நாற்காலியும், எல்லாம் அந்த ஒரு வரியில் போய்விடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கச் சொன்னால் யார் உடைப்பார்கள்? மூன்றே நாள். சனிக்கிழமை மதியம் வரைக்கும்தான்.

காவலாளியை மறுபடி அழைத்தாள். "அந்தக் கதவுக்கு முன்னாடி ஒரு நாற்காலியைக் குறுக்கே போடுங்க. யாரும் தொட வேண்டாம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டுங்க."

"லிஃப்ட்டை ஆஃப் பண்ணிடட்டுமா மேடம்?"

ஒரு மனிதர் தானாக முன்வந்து கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் யார் சொன்னது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்பார்கள், கம்பெனிக்கு ஃபோன் போகும்.

"வேண்டாம். நாற்காலி போதும். திங்கக்கிழமை ஆள் வருது," என்றாள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விடுப்பு. மகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பத்து விநாடியில் பதில் வந்தது. கடிகாரம் ஒருமுறைகூடக் கிணுகிணுக்கவில்லை. "அம்மா, உனக்கு ஜுரமா? ஏன் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டாள். பரீட்சைப் பயம் என்றாள் தாய்.

சனிக்கிழமை எட்டேமுக்காலுக்குக் கணவன் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். "போயிட்டு ஜெயிச்சுட்டு வா," என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றான். அப்புறம் பின்னால் வந்தவன் ஹாரன் அடித்ததால் போய்விட்டான். உள்ளே லிஃப்ட் முன்னால் தேர்வு எழுத வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவுக்கு மேலே கம்பெனி அனுப்பி ஒட்டவைத்த அட்டை, சரிபார்த்த தேதி, கீழே பச்சையில் அவளுடைய சுருக்கொப்பம். அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

மூன்றாவது மாடியில் நின்றாள். சுவரோரம் நீள பெஞ்சில் பதினைந்து பேர் வரிசையாக, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி வரிசையாகச் சொட்டு விட்டுக்கொண்டு போனாள். லிஃப்ட் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. அதை யார் படிப்பது? நாற்காலி கதவிலிருந்து நாலு அடி தள்ளி மின்விசிறிக்கு அடியில் கிடந்தது; யாருக்கோ துணைக்கு வந்த ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, நாற்காலியைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டாள். பிறகு சொட்டு விடுகிற பெண்ணிடம் போனாள்.

"அந்தக் கதவு சரியில்லைங்க. யாரையும் அந்தப் பக்கம் விடாதீங்க."

"சரிங்க," என்றாள் அந்தப் பெண், அடுத்த கண்ணைத் திறந்து பிடித்தபடி. "வாட்ச்மேன் சொன்னாரு. கீழ போறவங்களை மாடிப்படியில கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கோம். முடிஞ்சவரைக்கும் பாத்துக்கறோம்."

முடிந்தவரைக்கும். மணி ஒன்பது பதினேழு. ஒன்பதரைக்குத் தேர்வுக் கூடத்தின் கதவு சாத்திவிடுவார்கள். லிஃப்ட்டின் மெயின் சுவிட்ச் மொட்டை மாடியில் எங்கே இருக்கும் என்று அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஏறி, அணைத்து, இறங்கி வர எட்டு நிமிடம் ஆகும். ஆனால் இயந்திர அறைச் சாவி காவலாளியிடம் இருக்கும், அது கீழே. மூன்று மாடி இறங்க வேண்டும், மறுபடி ஏழு மாடி ஏற வேண்டும். முடியாது. முடியுமா? நின்றவன் தோற்றான். ஆறாவது மாடிக்கு ஏறினாள்.

கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. அவளுடைய மேஜை சுவரோரம். அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் லிஃப்ட் குழி என்பதைப் பெட்டி ஓடத் தொடங்கியதும் தெரிந்துகொண்டாள். கயிறு உரசுகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. மாடிக்கு மாடி மணி அடித்தது. முதல் நாற்பது கேள்வியை முப்பத்தொன்பது நிமிடத்தில் முடித்தாள். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் அவள் எழுதியதில்லை.

நாற்பத்தொன்றாவது கேள்வி. ஒரு பாதுகாப்புச் சாதனம் நேரில் சோதிக்கப்படாமலேயே சோதிக்கப்பட்டதாகக் கையெழுத்து ஆகியிருப்பதைத் தணிக்கையாளர் அறிகிறார். அச்சாதனம் பயன்பாட்டில் உள்ளது. அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? நாலு விடை. அடுத்த மாதத் தணிக்கையில் சேர்க்கலாம். பராமரிப்புப் பிரிவிடம் வாய்மொழியாகச் சொல்லலாம். எச்சரிக்கைப் பலகை வைக்கலாம். உடனே பயன்பாட்டை நிறுத்தச் செய்து மேலிடத்துக்குத் தெரிவிக்கலாம். எட்டு விநாடியில் சரியான விடையைப் போட்டுவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போனாள்.

எண்பத்தெட்டாவது கேள்வியின்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. மூட்டையைத் தூக்கிப் போட்டது போல ஒரு சத்தம், வெகு கீழே. பிறகு கயிற்றின் உரசல் நின்றது. மணிச் சத்தம் வரவில்லை. கொஞ்சம் கழித்துப் படிக்கட்டு வழியாக ஒரு பெண்ணின் குரல் ஓலமாக ஏறி வந்தது, தொடர்ந்து பல குரல்கள். கண்காணிப்பாளர் எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தினார்.

"வெளியில என்னவோ சத்தம். யாரும் கவனத்தைச் சிதற விடாதீங்க," என்றார்.

எழுந்து போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். மூட்டையாகத்தான் இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு மூட்டை எதற்கு வருகிறது என்று கேட்ட இன்னொரு மனசுக்கு ஒரு கொடி போட்டாள். முப்பத்திரண்டு கேள்வி பாக்கி இருந்தது; முப்பத்திரண்டையும் முடித்தாள். கல்மனசுக்காரி என்று அவளைச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டால் நமக்கெல்லாம் சௌகரியமாகப் போய்விடும்.

கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரை ஒரு நொடி வெளுத்தது. தேர்ச்சி என்று வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

கால்கள் அவளைப் படிக்கட்டில் இறக்கிக்கொண்டு போயின. மூன்றாவது மாடியில் பெஞ்சு காலியாக இருந்தது. நாற்காலி மறுபடியும் மின்விசிறிக்கு அடியில் இருந்தது. சொட்டு விட்ட பெண் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விழுந்தது ஒரு தையற்காரி, ஐம்பது வயது இருக்கும், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கண்ணைக் காட்ட வந்தவள். கைப்பிடி தட்டுப்பட்டிருக்கிறது, இழுத்திருக்கிறாள், கதவு திறந்திருக்கிறது. லிஃப்ட் வந்துவிட்டது என்றுதானே எண்ணுவாள்? இரண்டாம் நாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் மகள் வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அப்பாவும் மகளும் மதிப்பெண்ணை ஃபோனிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அட்டையில் தொண்ணூற்றொன்று என்று பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. "சந்தோஷத்துல இப்படித்தான் ஆகும்," என்றான் கணவன். ஆனால் அவன் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். பிறகு அறைக் கதவைச் சாத்தினார்.

"விசாரணை அறிக்கை சான்றிதழ் வாங்கினவங்க கையெழுத்துல இருக்கணுமாம். இப்ப நம்ம கம்பெனியில அது நீ ஒருத்திதான்." படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. பூட்டு சரின்னு மெக்கானிக் போட்டிருக்கான், நீயும் நேர்ல பாத்திருக்கே. அந்தம்மா கண்ணுல சொட்டோட, எழுதி ஒட்டினதையும் மீறிக் கால வெச்சிருக்காங்க. பாவம்தான், என்ன பண்றது? ரெண்டு பக்கம் எழுதிக் கொடு, முடிச்சுடலாம்."

தான் செய்த வேலையைத் தானே தணிக்கை செய்யலாமா என்று அறுபத்துமூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் சரியாகத்தான் போட்டிருந்தாள். மேனேஜரிடம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தாள். இரண்டு நாள் அந்த அறிக்கைக் காகிதம் மேஜை மேல் வெள்ளையாகவே கிடந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்கு இப்போது அதைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை.

புதன்கிழமை அந்தக் கட்டிடத்திலேயே எல்லோரையும் கூட்டினார்கள். கண் ஆஸ்பத்திரியின் வெளிக்கூடத்தில், அதே பெஞ்சில் மேனேஜர், மெக்கானிக், காவலாளி, கட்டிடச் சொந்தக்காரர், கடைசியில் அவள். லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே இப்போது இரண்டு பலகைகளை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். தையற்காரியின் கணவர் எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒடுங்கிய மனிதர். சட்டைக் கையின் மடிப்பில் பழைய கிழிசல் ஒன்று, தைத்த இடமே தெரியாதபடி தைக்கப்பட்டிருந்தது.

மேனேஜர் படிவத்தைப் படித்துக் காட்டினார். பூட்டு, சரி. நேரில் சரிபார்க்கப்பட்டது, தேதி, கையெழுத்து. அந்த மனிதர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரலைங்க," என்றார். "இதெல்லாம் எனக்குப் புரியாது. கடைசியா இந்தக் கதவை யார் வந்து பாத்தாங்க? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அப்ப இது நல்லா இருந்துச்சான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். சொல்லு, நல்லா இருந்துச்சு என்று சொல்லு என்பது போல் கண்ணை மூடித் திறந்தார். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வந்து பாக்கலைங்க," என்றாள் அவள். "வந்து பாத்ததா கையெழுத்துப் போட்டது நான்."

மேனேஜர் அவளுடைய பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி அதட்டினார். அவள் திரும்பவில்லை. அந்த மனிதர் கோபப்படுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தாள். வந்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் புரியாமல்தான் பார்த்தார்.

"ஏம்மா வரலை? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்ன படிப்பு?"

"தணிக்கை எப்படிப் பண்ணணுங்கற படிப்புங்க," என்றாள்.